இறங்கி நடக்க வேண்டிய காடு

வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குப் போகும் மாணவனின் கால் அந்தக் காட்டு மண்ணில் அநேகமாகப் படுவதில்லை. எலுவன்குளம் வாசலில் அனுமதிச் சீட்டு எடுத்து, வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஜீப்பில் நின்றபடியே சிறுத்தையைத் தேடிவிட்டுப் பொழுது சாயும் முன் வெளியே வந்துவிடுகிறான். குறித்த சில இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. அது தேவையான விதி. யானையும் கரடியும் உலாவும் காட்டில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை நடக்கவிட எந்த அதிகாரியும் துணியமாட்டார். அந்த ஒரு நாளோடு வனம் பற்றிய பாடம் முடிந்துவிட்டது என்று ஆசிரியரும் பெற்றோரும் நினைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை.

முதுகில் சுமையோடு இளைஞர்களைக் காட்டுக்கும் மலைக்கும் கடலுக்கும் அனுப்பிக் கற்பிக்கும் முறை மேற்கில் பழகிப்போன ஒன்று. 1941இல் வேல்ஸ் கரையில் கர்ட் ஹான் ‘அவுட்வேர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார். 1965இல் அமெரிக்காவின் வயோமிங்கில் போல் பெட்சோல்ட் தொடங்கிய பள்ளி, மாணவர்களை வாரக்கணக்கில் மலைகளில் நடக்கவிட்டது. சமைப்பது, வழி கண்டுபிடிப்பது, நோயுற்றவனைத் தூக்கி வருவது எல்லாம் அவர்களே. அந்தப் பயிற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அதனோடு ஒரு கருத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மனிதன் வந்துபோகும் விருந்தாளியாக மட்டும் இருக்கும் நிலமே வனம் என்று 1964ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் வரையறுத்தது. யோசெமிற்றி போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகள் அப்புறப்படுத்தப்பட்ட பிறகே அங்கே ‘மனிதர் இல்லாத’ நிலம் கிடைத்தது. இந்தக் கருத்தை அப்படியே ஏழை நாடுகளுக்குக் கொண்டுவந்தால் காட்டோரத்து மக்களே பலியாவார்கள் என்று 1989இலேயே இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதினார்.

புத்தளக் கரையில் நடப்பவனுக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவையே இருக்காது.

கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 1679இல் ஒரு தோழனோடு தப்பியோடினார். தோளில் சில்லறை வியாபாரியின் மூட்டை. அநுராதபுரம் தாண்டி, இன்றைய வில்பத்துக்கு வடகிழக்கே ஓடும் அருவியாற்றைப் பிடித்துக்கொண்டு அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். யானைகளுக்கு அஞ்சியதைவிட, மனிதர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்றே அவர்கள் அதிகம் அஞ்சினார்கள். அந்த ஆளில்லாக் காட்டின் ஆற்றோரத்தில் செதுக்கிய கல்தூண்கள் நிற்பதையும் கற்குவியல்கள் கிடப்பதையும் நொக்ஸ் கண்டு எழுதி வைத்தார். அவர் ஒளிந்து நடந்த காடு ஒரு காலத்தில் ஊராக இருந்த நிலம்.

இன்றும் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை. பூங்காவின் கடலோரத்தில் பூக்குளம் என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அதன் அருகே செம்மண் மேடாகக் கடலுக்குள் நீளும் குதிரைமலை முனை, முத்துக் குளித்த காலத்தையும் அல்லிராணி கதையையும் இன்னும் சுமந்து நிற்கிறது. காட்டுக்குள் பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. திருவிழா நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து மரத்தடியில் தங்கிச் சமைத்து உண்டு போகிறார்கள். ஜீப்பில் இருந்து சிறுத்தையை மட்டும் தேடுகிறவன் கண்ணில் இவை எதுவும் படாது.

எல்லாவற்றிலும் கனமான பாடம் 1990க்குரியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை அவர்களுடைய ஊர்களில் இருந்து வெளியேற்றினார்கள். மன்னாரில் இருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் கரையிறங்கியவர்கள் ஏராளம். புத்தளம் மாவட்டத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அதே காலத்தில் வில்பத்துக்கு வடக்கே, முசலிப் பக்கத்தில் அவர்கள் விட்டுவந்த வீடுகளின் கூரை விழுந்தது. முற்றத்தில் மரம் முளைத்தது. போர் முடிந்து திரும்பியவர்கள், 2012இல் வெளியான வர்த்தமானி தங்கள் ஊரை ஒட்டிய பகுதிகளை ஒதுக்கக் காடாக அறிவித்திருப்பதைக் கண்டார்கள். இன்னொரு பக்கத்தில், கல்லாறுப் பகுதியில் சட்டத்துக்கு மாறாகக் காடு வெட்டி நிலம் துப்புரவாக்கப்பட்டது என்று சூழலியலாளர்கள் வழக்குப் போட்டார்கள். அங்கே மீண்டும் மரம் நட வேண்டும் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். முற்றத்தில் முளைத்தாலும் மரம் மரம்தான். அதில் கூடு கட்டிய பறவைக்கு உறுதிப்பத்திரம் தெரியாது. அதற்காக, துரத்தப்பட்டுத் திரும்பி வந்தவனை அத்துமீறியவன் என்று எடுத்த எடுப்பில் அழைப்பது அநீதி. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கப் பழகுவதுதான் இந்த நாட்டில் வனக்கல்வி. அதைப் பதினாறு வயதில் தொடங்காவிட்டால் பிறகு கட்சி சார்ந்த கூச்சல்தான் காதில் விழும்.

வில்பத்தைக் கால்நடையாகக் கடப்பதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நன்கு அறியப்பட்டது, 2003இன் கிரேஷன் பரிசைப் பெற்ற நிஹால் டி சில்வாவின் ஆங்கில நாவல், ‘ஆனையிறவிலிருந்து வரும் பாதை’. ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்ணும் உயிருக்குத் தப்பி அந்தக் காட்டு வழியே நடக்கிறார்கள். இருவருக்கும் பறவைகள் மேல் ஆசை. அந்த நாவலாசிரியர் 2006 மே மாதம் அதே வில்பத்தில் கண்ணிவெடிக்குப் பலியானார், கூடச் சென்ற நண்பர்களோடு. பதினைந்து ஆண்டு மூடிக் கிடந்து 2003இல் திறந்த பூங்கா மீண்டும் மூடப்பட்டு 2010இல்தான் திறந்தது. இதையும் மாணவர்களுக்குச் சொல்லாமல் அவர்களை அந்த வாசல் வழியே கூட்டிப்போவது சரியல்ல.

அப்படியானால் எங்கே நடப்பது? பூங்காவின் தெற்கெல்லையான கலா ஓயா புத்தளம் களப்பில் சேரும் கங்கேவாடியில் நாட்டின் பெரிய கண்டல் காடுகளுள் ஒன்று இருக்கிறது. அங்கே முழங்கால் சேற்றில் நின்று ஒரு கண்டல் கிளையை அண்ணாந்து பார்க்க வேண்டும். முருங்கைக்காய் போல் தொங்குவது காய் அல்ல, தாய் மரத்திலேயே முளைவிட்ட கன்று. விழும்போது வற்றுநீராக இருந்தால் அருகிலேயே சேற்றில் வேரூன்றும். நீர் ஏறியிருந்தால் மிதந்து போய், ஏற்ற இடம் தட்டுப்படும்வரை காத்திருக்கும். நாமோ இந்தக் கன்றுகளைப் பாடசாலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கண்ட இடத்தில் நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றது. அலையேற்றத்தின் அளவு பாராமல் நட்டது, இடத்துக்குப் பொருந்தாத இனத்தை நட்டது, நட்ட பின் கவனியாமல் விட்டது ஆகியவையே காரணங்கள். களப்போரத்தில் இரண்டு நாள் தங்கி, நீர் ஏறி இறங்குவதைப் பார்த்த மாணவன் இந்தப் பிழைகளைச் செய்யமாட்டான்.

அங்கிருந்து தெற்கே உடப்பு. விடியற்காலையில் கரைவலை இழுப்பவர்களோடு கயிற்றைப் பிடித்தால், எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பதை அவர்களே சொல்லித் தருவார்கள். இன்னும் தெற்கே ஆனைவிழுந்தான். பழைய குளங்களின் தொடர், 2001இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். மனிதர் வெட்டிய குளங்களே அங்கே நீர்ப்பறவைகளின் வீடு. சரணாலயம் என்ற பெயர் இருந்தும் 2020இல் இறால் பண்ணைக்காக அதன் கண்டல் நிலத்தில் இயந்திரத்தை இறக்கினார்கள்.

கதிர்காமப் பாத யாத்திரைக்காக ஆண்டுதோறும் சில நாட்கள் குமண, யால காட்டு வழி திறக்கப்படுகிறது. பல்லாயிரம் பேர் மூட்டையோடு நடந்து போகிறார்கள். குடிதண்ணீர், காவல், முதலுதவி எல்லாம் ஏற்பாடாகின்றன. யாத்திரிகருக்குச் செய்ய முடிந்ததை மாணவருக்கும் செய்யலாம். வனசீவராசிகள் திணைக்களம் ஓர் அலுவலரைத் துணைக்குத் தரட்டும். கல்வி வலயங்கள் மூன்று இரவுகளுக்கு அனுமதி தரட்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகளில் இருந்து ஐந்தைந்து பேராகச் சேர்த்துப் பதினைந்து பேர் கொண்ட குழு போதும். அடுத்த சுற்றுலாவுக்குப் பஸ் பேசப்போகும் ஆசிரியர்களே, இம்முறை அந்தப் பஸ்ஸைக் கங்கேவாடியில் நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி நடக்கவிடுங்கள்.