மௌனம் சம்மதமா?

ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஒரு தீர்மானம் முன்மொழியப்படுகிறது. "மறுப்பு உண்டா?" என்று தலைவர் வினவுகிறார். எவரும் வாய் திறப்பதில்லை. "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார். கூட்டம் கலைந்த பின்னர், தேநீர்க் கடையில் அதே மக்கள் அதே தீர்மானத்தைக் குறித்து முற்றிலும் வேறாகப் பேசுகின்றனர். இவ்விரண்டனுள் மக்கள் கருத்து எது? குறிப்பேட்டில் எழுதப்பட்டதா? தேநீர்க் கடையில் எழுந்ததா?

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பேசாதவனின் கருத்தைப் பேசியவன் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ள இப்பழமொழி இடம் தருகிறது. அரசியல், வரலாறு, இல்லறம் ஆகிய மூன்று துறைகளிலும் இதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. ஆதலின், பேசாமை எப்போது இசைவாகும், எப்போது இசைவாகாது என்பது அறநெறி சார்ந்த வினாவாகிறது.

ஜொகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காராவைச் சுற்றியுள்ள நிலம் இதற்குத் தக்க சான்று தரும். 'தெங்காரா' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தென்கிழக்கு என்பது பொருள். 1972ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமாகிய கெஜோராவின் திட்டத்தால், காடு திருத்திச் செம்பனை நட்ட நிலப்பரப்பில் எழுந்த புதுநகர் இது. இத்தகைய நகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் பழைய தோட்டங்களில் உள்ளது. அத்தோட்டத்து வாழ்வில் பெரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளியை நோக்கி, "குறை ஏதும் உண்டா?" என்று துரை கேட்டால், "இல்லைங்க ஐயா" என்பதே விடையாக இருக்கும். அவ்விடைக்குக் காரணம் நிறைவா? அன்று. அவன் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். அச்சத்தால் எழுந்த "இல்லை" என்னும் சொல்லைக் கருத்து என்று கணக்கிடுதல் நேர்மை ஆகுமா?

தொழிலாளியின் விடையை அச்சம் திரித்தது. கேட்கப்படும் வினாவே விடையைத் திரிப்பதும் உண்டு. ஜொகூர்ப் பாலத்திற்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் முதல் நாள் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மக்கள் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. மூன்றும் மலேசியாவுடன் இணையும் வழிகளே. இணைய வேண்டா என்று கூற வாக்குச்சீட்டில் இடமில்லை. அரசு விரும்பிய வழிக்கு ஏறத்தாழ 71 விழுக்காடு வாக்குகள் கிட்டின. ஆயினும் நான்கில் ஒரு பங்கினர் சீட்டில் எதையும் குறிக்காமலே பெட்டியில் இட்டனர். வெற்றுச்சீட்டு இடுமாறு எதிர்க்கட்சியினர் முன்னரே வேண்டியிருந்தனர். அவ்வெற்றுச்சீட்டும் ஒரு மௌனமே. அது சம்மதம் என்று எவரேனும் துணிந்து கூற இயலுமா?

அதே ஆண்டில் சபா, சரவாக் மக்களின் எண்ணத்தை அறியக் கோபால்ட் ஆணையம் அனுப்பப்பட்டது. மூன்றில் ஒரு பங்கினர் மலேசியா அமைவதை உறுதியாக ஆதரித்தனர் என்றும், இன்னொரு பங்கினர் பாதுகாப்புகள் வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஆதரித்தனர் என்றும், எஞ்சியோர் முதலில் விடுதலை வேண்டினர் அல்லது பிரித்தானிய ஆட்சி நீடிக்க விரும்பினர் என்றும் அது கண்டது. இக்கணக்கை, மூன்றில் இரு பங்கினர் ஆதரவு என்றும் படிக்கலாம். மூன்றில் இரு பங்கினர் நிபந்தனையின்றி ஏற்கவில்லை என்றும் படிக்கலாம். எண் ஒன்றே, படிப்போரின் நெஞ்சே வேறு. மக்கள் "ஆயினும்" என்று தொடங்கிக் கூறியதை விட்டுவிட்டு "ஆம்" என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் பாதி உண்மையே ஆகும்.

இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. செக்கோஸ்லோவாக்கியாவில் மக்கள் கருத்தை ஆராயும் நிறுவனம் ஒன்று 1946ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1948இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1986ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளும் அணி 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1989 நவம்பரில், பிராக் நகரின் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் அவ்வாட்சி வீழ்ந்தது. அத்துணை மக்களும் மூன்றாண்டில் மனம் மாறினரா? அல்லர். அவர்கள் முன்னரும் அவ்வாறே எண்ணினர், கூறுவதற்குத்தான் வழியில்லை.

இனி, வரலாறு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர். போர்க் கைதிகளாக மடிந்த வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கோ பெயரும் இல்லை, கல்லும் இல்லை என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. உயிர் தப்பி மீண்டோர் பலர் பட்டதைப் பேசவில்லை. இளையோர் கேட்கவும் இல்லை. பேசாமை மறதியாகக் கொள்ளப்பட்டது. ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி முதலிய மலேசிய எழுத்தாளர்கள் தம் புதினங்களால் அம்மௌனத்தைக் கலைத்தனர். ஒரு நாட்டு மக்கள் தம் வரலாற்றைப் பற்றிக் கொண்டுள்ள கருத்து, பேசியவர்களால் மட்டும் அமைகிறது. பேச இயலாதவர் பக்கத்தைத் தேடிச் சென்று கேட்பது பின்வந்தோர் கடன்.

மூன்றாவது, இல்லறம். பெண் பார்க்கும் நாளில் தலை கவிழ்ந்து நிற்கும் பெண்ணின் மௌனத்தைப் பெரியோர் நாணம் என்று கொண்டனர். நாணத்தை இசைவு என்று கொண்டனர். அம்மௌனத்தில் நாணமும் இருக்கலாம், மறுப்பும் இருக்கலாம். முஸ்லிம் அல்லாதோர்க்காக 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் இதனை ஓரளவு மாற்றியது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும், பதிவையும் அது கட்டாயமாக்கியது. மணமக்கள் இருவரும் தம் விருப்பத்தோடு இசைகின்றனர் என்று பதிவாளர் தெளிந்த பின்னரே மணம் நிகழலாம் என்றும் விதித்தது. அஃதாவது, பெண்ணின் இசைவை ஊகித்தல் போதாது. அதனை உறுதிசெய்தல் வேண்டும் என்பதே. ஆயினும் பதிவாளர் முன் நிற்கும் நாள் பிந்திய நாள். பத்திரிகை அச்சாகி, மண்டபமும் பேசி முடித்த பின்னர் "உனக்கு விருப்பமா?" என்று கேட்பது, இணையும் வழிகளை மட்டும் அச்சிட்ட வாக்குச்சீட்டைப் போன்றதே.

இங்கு ஒரு தடை எழலாம். எல்லாரையும் கேட்டால் எந்தச் செயல் முடியும்? பலர் கூறுவதால் பொய் மெய்யாகிவிடுமா? குடும்ப அமைதிக்காகவும் பெரியோர்பால் கொண்ட மதிப்பாலும் அடங்கியிருத்தல் பண்பாகாதா? இத்தடையில் உண்மை உண்டு. பலர் கூற்று எப்போதும் மெய்யன்று. பாண்டியன் அவை முழுதும் ஒருபுறம் இருக்க, சிலம்பேந்தி வந்த கண்ணகி தனியொருத்தியாகவே நின்றாள். மெய் அவள் பக்கமே இருந்தது. ஆனால் இக்கதை கேளாமைக்குச் சான்று தரவில்லை; கேட்க வேண்டியதற்கே சான்று தருகிறது. கோவலனை அழைத்து ஒரு வினா வினவியிருந்தால், ஓருயிரும் ஒரு நகரும் பிழைத்திருக்கும். பலர் கருத்தைக் கேட்பது அதற்கு அடிபணிவதற்காக அன்று. கேளாமல் அநீதி இழைத்துவிடாமல் இருப்பதற்காக. பண்பால் அடங்கியிருத்தலும் அச்சத்தால் அடங்கியிருத்தலும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. பேசியபின் துன்பம் வராது என்னும் உறுதி இருந்தும் ஒருவன் பேசாதிருந்தால் மட்டுமே அதனை இசைவு எனலாம்.

ஆகவே கடமை இருபாலார்க்கும் உண்டு. வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அது பேசுவோன் கடமை. அவை அஞ்சத்தக்கதாக இராமல் பார்த்துக்கொள்வது கேட்போன் கடமை. வலிமை உடையவன் கேட்போனே ஆதலின், அவன் கடமையே பெரிது.

இக்கடமை தொடங்கும் இடம் வகுப்பறை. பாடம் முடிந்ததும், "விளங்கியதா?" என்று ஆசிரியர் கேட்கிறார். "விளங்கியது, ஐயா!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாக ஒலிக்கின்றன. நாட்டின் பொதுக்கருத்து முதன்முதலில் உருவாவது அங்கேதான். பொய்யாக உருவாவதும் அங்கேதான். விளங்காத மாணவன் கடைசி வரிசையில் அமர்ந்து மற்றவரோடு சேர்ந்து குரல் கொடுக்கிறான், அல்லது வாளாவிருக்கிறான். அவனருகே சென்று, "எந்த இடத்தில் விளங்கவில்லை?" என்று கேட்கும் ஆசிரியர், "விளங்கவில்லை" என்று கூறுவது குற்றமன்று என்பதை அவனுக்குக் கற்பிக்கிறார். அதனைக் கற்றவன் வளர்ந்து, ஊர்க் கூட்டத்தில் "எனக்கு மறுப்பு உண்டு" என்பான். தந்தையானபின், தன் மகளின் விருப்பத்தை மண்டபம் பேசுவதற்கு முன்னரே கேட்பான்.