அறிவுக்கொடையும் அறங்காவலும்

பொருளை ஈதல் கொடை எனப்படும்; மெய்வருந்தி உழைத்தல் தொண்டு எனப்படும். கற்ற தொழிலறிவினை ஊதியங் கருதாது ஓர் அறநிலையத்தின் ஆட்சிக்கு நல்குதல் இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்பது ஈண்டு ஆராயத்தக்கது. மருத்துவரும் வழக்கறிஞரும் கணக்குத் தணிக்கையாளருமாகிய பெண்மக்கள் அறநிலையக் குழுக்களில் அமரும் இக்காலத்து இவ்வாராய்ச்சி இன்றியமையாததாயிற்று.

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இந்துசமய அறநிலையச் சட்டம், 47-ஆம் பிரிவில், பரம்பரை வழி வாராத அறங்காவலர் குழு மூவர்க்குக் குறையாமலும் ஐவர்க்கு மேற்படாமலும் அமைதல் வேண்டுமென்றும், அவருள் ஒருவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஆதல் வேண்டுமென்றும், மற்றொருவர் பெண்ணாதல் வேண்டுமென்றும் விதிக்கின்றது. இருக்கையைச் சட்டம் அளிக்கும். அதில் அமர்ந்தார் கூறுவதனைப் பிறர் செவிமடுக்குமாறு செய்ய அதனால் இயலாது. அறவினா இவ்விடத்தே எழுகின்றது.

யாம் கண்ட ஒன்றனை ஈண்டுக் கூறுவாம். சில ஆண்டுகட்கு முன் திண்டிவனத்தை அடுத்த ஓர் அறநிலையத்தின் குழுவில் யாமும் ஓர் உறுப்பினராயிருந்தேம். தணிக்கைத் தொழிலில் வல்ல அம்மையார் ஒருவர், விழுப்புரத்தினின்றும் தம் செலவிலேயே புகைவண்டி ஏறிக் கூட்டந்தோறும் வருவார். ஒரு நாள், அன்னதானத்திற்கென்று வைக்கப்பெற்ற முதலின் வட்டி பந்தற் செலவிற் சேர்ந்திருத்தலைச் சுட்டி, 'இதற்குத் தீர்மானம் யாது?' என வினவினார். தலைமை வகித்தவர், 'அம்மா, இது பழைய வழக்கம். தாங்கள் கையொப்பமிட்டாற் போதும்' என்றார். இருந்தோர் முறுவலித்தனர். யாமும் வாய் திறந்திலேம். அம்மையார் கையொப்பமிடாது, அதன் காரணத்தை நடவடிக்கைப் புத்தகத்தில் தம் கையால் எழுதிவைத்து எழுந்து சென்றார். அற நூல்களை நாற்பதாண்டு பாடஞ்சொன்ன எமக்கு அன்றிரவு உறக்கம் வந்திலது.

இனி, இதன்கண் எழும் தடைகளை ஆராய்வாம்.

'அறநிலையப் பொருளைப் பெண்டிர் ஆளுதல் புதுவழக்கன்றோ?' எனின், அன்று. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், முதலாம் இராசராசன் (985–1014) தமக்கையாராகிய குந்தவையார் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணர்க்கும் கோயில்கள் எடுத்தமையைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டிற்காக அவர் ஊரவையார்பாற் காசு வைத்தார். ஆண்டொன்றுக்குக் காசொன்றின்மேல் அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்கு 12½, வட்டியாக அளக்கப்பெறுதல் வேண்டுமென்று கல்லில் வெட்டுவித்தார். இன்ன முதலின் வட்டி இன்ன செலவிற்கே என்னும் வரையறை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒரு பெண்மணியின் அறத்தில் அமைந்திருந்தது. குந்தவையார்க்கு அரச குலத்தின் வலி இருந்தது; இன்றைய அம்மையார்க்குக் கல்வி ஒன்றே வலி. அதனை அவமதிப்பின் அவர்பால் வேறொன்றும் எஞ்சாது.

'ஊதியம் பெறாது வருவார் இயன்றது செய்தாற் போதாதோ?' எனின், போதாது. இலவசமாக மருந்தளிக்கும் மருத்துவர் நோயாளிக்கு அரைமருந்து அளிப்பதில்லை. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியார் தம் அறிவினை மருத்துவத்தின் எல்லையோடு நிறுத்தினாரல்லர். சென்னைச் சட்டசபையில் அமர்ந்தும், ஆதரவற்ற பெண்கட்கு அவ்வை இல்லம் அமைத்தும், 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தும், மருத்துவர் கண்ணுக்குப் புலப்படும் குறைகளைப் பொதுவாழ்வில் நீக்கினார். பெயரை மட்டும் தந்து அறிவைத் தாராதார் கொடையாளர் ஆகார். குழுவினிடத்துக் கடன்பட்டவரே ஆவர்.

'அவையில் வினவுதல் பூசலை விளைக்கும், அது தற்போதமன்றோ?' எனின், திருவெண்ணெய்நல்லூரை நினைமின். விழுப்புரம் மாவட்டத்ததாகிய அத்தலத்தில், நம்பியாரூரரைத் தடுத்தாட்கொள்ள வந்த பெருமான் ஆவணங் காட்டினான். படியோலை கிழிபட்டபின் மூலவோலையை அவையத்தார்முன் வைத்தான். அவர்கள் அதனைப் படிப்பித்து, பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்புரைத்தனர். இறைவனே தன் ஓலையை ஆராய இசைந்தனன் எனின், நம் கணக்கினை ஆராய்தலாற் குறைபடுவார் யார்? அவ்வூரிலிருந்தருளிய மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்து இறைபணி நிற்றலை உணர்த்தினார். யான் எனது என்னும் செருக்கற்றுத் தன் செயலை இறைவன் செயலாகக் காண்பதே அந்நிலை. வினாவுவார் தம் பெயர் விளங்க வினவின் அது செருக்கே. பசித்தார்க்குரிய சோறு பிறிதொன்றிற்குச் செல்லாமை கருதி வினவின் அது பணியாம். இவ்வேறுபாட்டை அவரவர் உள்ளமே அறியும். அவையோர் அதனைக் காரணங்காட்டி வினாவைத் தள்ளுதல் பொருந்தாது.

ஆகவே, தொழிலறிவினை அறநிலையத்திற்கு நல்குதல் கொடையும் தொண்டும் ஒருங்கே ஆம். ஆயினும் அது கொள்வாரையும் வேண்டிநிற்கும். பொருட்கொடையைப் பெட்டியிலிட்டாலும் அது கொடையாய் நிற்கும். அறிவுக்கொடையோ கேளாதார்முன் அழிந்தொழியும். பெண்ணொருவரை இருத்தி அவர் சொற்கேளாத குழு, இறைவன் பொருளில் ஒரு பகுதியை வீணாக்கியதே ஆகும். பொன்னைக் கவர்ந்தாரினும் அது சிறிதே வேறுபட்டது.

அடுத்த கூட்டத்தில் அம்மையார் எழுதிய குறிப்பினை யாமே எழுந்து படித்தேம். நெடிய வாதத்தின்பின் அத்தொகை அன்னதான முதலுக்கு மீண்டது. அம்மையார் மீண்டிலர். முன்னைக் கூட்டத்திலேயே யாம் ஒரு சொல் கூறியிருப்பின் அவ்விருக்கை வறிதாகாது. இதனைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் ஊர் அறநிலையங்களில் அவ்வொரு சொல்லைக் காலத்தே கூறுவாராக என்பது எம் வேண்டுகோள்.