ஜீவபலியா? தகனபலியா?



கடந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல எனக்கும் தருணம் கிடைத்தது. வருஷம் முழுவதும் கர்த்தர் நடத்தி வந்த விதங்களைச் சொல்லிவிட்டு, கடைசியில் என் மனைவியைக் குறித்து இரண்டு வார்த்தை சொன்னேன். "பிள்ளைங்களைப் பார்க்கிறா, ஆபீஸ் போறா, சபையில கீபோர்டு வாசிக்கிறா. மூணு ஆள் வேலையை ஒத்தை ஆளா செய்யறா. ராத்திரி நாலு மணி நேரம்கூடத் தூங்கறதில்லை. ஒரு நாளும் முறுமுறுத்ததில்லை. இப்படிப்பட்ட துணையைத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்!" என்றேன். சபையார் அல்லேலூயா என்று சத்தமிட்டார்கள். சில தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

ஆராதனை முடிந்து, தூங்கிப்போன சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தோம். ராஜகிரி மலை இருட்டில் கறுப்பாக நின்றது. பாதி வழியில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "என்னங்க, மூணு ஆள் வேலைன்னு சொன்னீங்களே, மத்த ரெண்டு ஆள் எங்க போனாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. சண்டைக்கும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறேன். எழுதினதை அவளிடம் காட்டினேன். "போடுங்க, யாருக்காவது உதவும்" என்று அவள் சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

பிரியமானவர்களே, ஒருவருடைய பாரத்தைப் புகழ்ந்து பேசுவது அவரை நேசிப்பதாகுமா?

அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். விடியற்காலம் நாலரைக்கு எழுந்து ஜெபம். பிறகு அடுப்பு. மூன்று பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸ், எனக்குச் சாப்பாடு, என் தாயாருக்கு மாத்திரை. ஏழேகாலுக்குத் திண்டிவனம் பஸ். பாதி நாள் நின்றுகொண்டே போவாள். ஆபீஸில் நாள் முழுக்கக் கணக்கும் கம்ப்யூட்டரும். திரும்பி வர இரவு ஏழு. வந்தவுடனே மறுபடியும் அடுப்பு, பிள்ளைகளின் பாடம், துவைக்கிற துணி. வெள்ளி உபவாச ஜெபம், சனி பாட்டுப் பயிற்சி, ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை ஆராதனை. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைக் கொடுத்தபோது கர்த்தர் வேலைக்காரியையும் மிருகஜீவனையும்கூட மறக்கவில்லை (யாத். 20:10). எங்கள் வீட்டிலோ வாரத்தில் அதிக வேலை ஞாயிறுதான்!

இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமல்ல. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற ஒரு பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம் அதில் செலவிடுகிறாள். அதே வேலையில் ஈடுபடுகிற ஆண் 97 நிமிஷம். வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் அந்த 97-ல் சேரவில்லை. நான் எந்தக் கணக்கில் வருகிறேன் என்று கேட்காதிருங்கள்.

செஞ்சியில் வாழ்கிற நமக்கு ஒரு பழைய கதை தெரியும். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு போரிட்டு ராஜா தேசிங்கு மாண்டான். அவனுடைய இளம் மனைவி அவனோடே தீயில் இறங்கினாள். எதிரியான நவாபே அவளை மெச்சி, அவள் நினைவாக ராணிப்பேட்டையை உண்டாக்கினான் என்பது வழிவழியாய் வருகிற பேச்சு. யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரே எழும்பியது. ஆனால் அந்த ஊரின் பேரில் அவள் பேர் இல்லை, ராணி என்கிற பட்டம்தான் இருக்கிறது. அவளுடைய மரணத்தைக் கொண்டாட எத்தனையோ பேர் இருந்தார்கள். அவள் கையைப் பிடித்து இழுக்க ஒருவர் இல்லை.

உடன்கட்டையை 1829 டிசம்பரில் வங்காளத்தில் தடை செய்தார்கள். அடுத்த வருஷம் நம் சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. அந்த வங்காள ஆணையை மொழிபெயர்க்கும்படி மிஷனரி வில்லியம் கேரிக்கு அனுப்பினார்கள். அது அவர் கையில் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவர் பிரசங்கிக்க வேண்டும். கேரி என்ன செய்தார்? பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் மொழிபெயர்த்து முடித்தார். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் எங்கேயோ ஒரு விதவையின் உயிர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண்ணை நெருப்பிலிருந்து எடுப்பது அன்றைக்கு அவருக்குப் பிரசங்கத்தைவிட அவசரமாக இருந்தது.

இப்பொழுது யாரும் தீ மூட்டுவதில்லை. நாம் வேறு விதமாக மூட்டுகிறோம். "தியாகத் தாய்" என்கிறோம், "குணசாலியான ஸ்திரீ" என்கிறோம், அன்னையர் தினத்தில் சால்வை போடுகிறோம். போட்டுவிட்டு, சாப்பாடு ரெடியா என்று கேட்கிறோம்.

ரோமர் 12-ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் நம்மிடம் கேட்கிற பலி என்ன? ஜீவபலி. லேவியராகமத்தின் தகனபலியைப் பாருங்கள். அது பலிபீடத்தின்மேல் எரிந்து சாம்பலாகிவிடும். மறுநாள் அந்த மிருகம் இல்லை. ஜீவபலியோ மறுநாளும் உயிரோடிருக்க வேண்டும், அதற்கடுத்த நாளும் இருக்க வேண்டும். அப்படியானால் அதற்குத் தூக்கம் வேண்டும், ஆகாரம் வேண்டும், சிரிப்பு வேண்டும். ஒரு சகோதரியைச் சாம்பலாகும் வரைக்கும் உபயோகித்துவிட்டு அதற்குப் பக்தி என்று பேர் வைத்தால், தேவன் கேட்காத பலியை அல்லவா நாம் செலுத்துகிறோம்?

"ஆண்டவர் சிலுவையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாரே, பிரதர்?" என்று சிலர் கேட்கலாம். மெய்தான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. தன் ஜீவனை இழக்காதவன் அதைக் கண்டடைய மாட்டான் என்பது நம் விசுவாசத்தின் அஸ்திபாரம். ஆனால் எடுத்துக்கொள்வது வேறு, அடுத்தவர் தோளில் ஏற்றுவது வேறு. நம் ஆண்டவரே சிலுவையோடு போனபோது சிரேனே ஊரானாகிய சீமோன் அதைச் சுமந்தான் (லூக்கா 23:26). தேவகுமாரனுக்கே சுமைக்கு ஒரு கை தேவைப்பட்டதென்றால், ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற ஒரு தாய்க்குத் தேவைப்படாதா?

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறது. 5-ஆம் வசனம் அவனவன் பாரத்தை அவனவன் சுமப்பான் என்கிறது. முரண்பாடு போலத் தோன்றும். மூலமாகிய கிரேக்கில் இவை இரண்டு வெவ்வேறு வார்த்தைகள். முதலாவது, ஆளை அமுக்குகிற பெரும் பாரம். அதைப் பகிர வேண்டும். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் உரிய மூட்டை. அதை அவரவர்தான் தூக்க வேண்டும். என் வீட்டில் நடந்தது என்ன? எனக்குரிய மூட்டையையும் அவள் தலையில் வைத்துவிட்டு, அது அவளுடைய சிலுவை என்று சாட்சி சொன்னேன்.

தாவீது ராஜாவின் சம்பவம் அப்பொழுதுதான் என்னைக் குத்தியது. அர்வனாவின் களத்தில் பலியிடப் போனபோது, மாடுகளையும் விறகையும் சும்மாவே தருகிறேன் என்றான் அர்வனா. தாவீது சம்மதிக்கவில்லை. தனக்குச் செலவில்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்தமாட்டேன் என்று ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினான் (2 சாமு. 24). நானோ டிசம்பர் 31 அன்று எனக்கு ஒரு பைசா செலவில்லாத ஸ்தோத்திரபலியைச் செலுத்தினேன். அவளுடைய தூக்கத்தை எடுத்து என் காணிக்கையாகப் படைத்தேன்.

மனம் குத்தப்பட்டவுடன் நான் செய்த முதல் காரியமும் தப்பாகத்தான் போயிற்று. "இனிமே கீபோர்டை விட்டுடு, அந்த நேரமாவது ரெஸ்ட் எடு" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "நாள் முழுக்க நான் மூச்சு விடற இடம் அது ஒண்ணுதாங்க. அதையும் எடுத்துடாதீங்க" என்றாள். அப்பொழுது புரிந்தது. பாரம் குறைப்பதென்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய சந்தோஷத்தைக் குறைப்பதுதான். அடுப்பு நினைவுக்கு வரவில்லை!

தாய்மையும் இசையும் எழுத்து வேலையும் ஒரே கையில் இருந்த ஒரு அம்மையாரைச் சரித்திரம் காட்டுகிறது. ஆன்னா மக்தலேனா பாக். ஜெர்மனி தேசத்தில் 1701-ல் பிறந்து, அரண்மனையில் சம்பளத்துக்குப் பாடினவர். புகழ்பெற்ற ஆலய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்கை 1721-ல் மணந்தார். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஏழு பேரைச் சிறுவயதிலேயே அடக்கம் பண்ணினார். இதற்கு நடுவே கணவரின் இசையைத் தாள் தாளாகக் கைப்பட நகல் எழுதினார். செல்லோ என்னும் தந்தி வாத்தியத்துக்குக் கணவர் அமைத்த ஆறு தொகுப்புகளின் மூலப்பிரதி இன்று இல்லை. இந்த அம்மையார் எழுதின நகல் இருக்கிறது. 1750-ல் கணவர் மரித்தார். பத்து வருஷம் கழித்து, தர்மப்பணத்தில் பிழைக்கிற ஏழையாக அவரும் மரித்தார். இன்றைக்கும் உலகம் அந்த இசையைக் கேட்டுப் பரவசமாகிறது. எழுதின கைக்கு அன்றைக்கு யார் அப்பம் கொடுத்தார்கள்?

சபைக்கும் ஒரு வார்த்தை. தாவீது தேவாலயப் பாடகரை ஏற்படுத்தினபோது 288 பேரை 24 வகுப்பாகப் பிரித்தான் (1 நாளா. 25). வகுப்புக்குப் பன்னிரண்டு பேர், முறை போட்டு ஊழியம். இரவும் பகலும் பாட்டு வேலை இருந்தபடியால் பாடகருக்கு மற்ற வேலைகளிலிருந்து விடுதலையும் இருந்தது (1 நாளா. 9:33). நம் சபையிலோ வருஷத்தின் 52 ஞாயிறுக்கும் ஒரே சகோதரி. அவளுக்கு ஜுரம் வந்தாலும் "பிரேயர் பண்ணிட்டு வந்துடுங்க சிஸ்டர்" என்கிறோம். இரண்டு வாலிபப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு கற்றுக்கொடுத்தால் என்ன? சனிக்கிழமை பயிற்சியின்போது தாய்மார்களின் பிள்ளைகளைச் சகோதரர்கள் பார்த்துக்கொண்டால் என்ன? அதுவும் ஊழியம்தானே! மோசே தனியாய்ச் சுமப்பதைக் கண்ட எத்திரோ அவனைப் புகழவில்லை. நீ செய்கிறது நல்லதல்ல, தொய்ந்துபோவாய் என்றான், சுமையைப் பங்கிடவும் வழி சொன்னான் (யாத். 18). நமக்குத் தேவை எத்திரோக்கள்.

எங்கள் வீட்டில் இப்பொழுது ஞாயிறு சமையல் என் பொறுப்பு. என் தாயாரின் மாத்திரையும் என் கையில்தான். முதல் வாரம் சோறு குழைந்துவிட்டது, சாம்பாரில் உப்பில்லை. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். அவளோ பேசாமல் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினாள். கலியாணமான பதினாலு வருஷத்தில் ஞாயிறு பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம், "மூணு ஆள்ல இப்ப நான் ஒரு ஆளாவது ஆயிட்டேனா?" என்று கேட்டேன். "கால் ஆள் ஆயிருக்கீங்க. கர்த்தர் மீதியையும் செய்து முடிப்பார்" என்று சிரித்தாள்.

பிரியமான சகோதரனே, அடுத்த முறை உன் மனைவியைக் குறித்து, உன் தாயைக் குறித்துச் சாட்சி சொல்ல எழும்பும்போது, ஒரு நிமிஷம் நின்று உன்னையே கேட்டுக்கொள். மற்ற இரண்டு ஆள் எங்கே?

சுமந்து களைத்தவர்களுக்கு இளைப்பாறுதல் தருகிற நம் ஆண்டவர்தாமே உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென். மாரநாதா!