காணாமையும் இல்லாமையும்

வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்ட மணிமேகலைக்கு, முதலில் பேசிய அளவைவாதி, பொருள்களை அறிதற்குரிய அளவைகள் பத்து என வகுத்துரைத்தான் என்பதும், அப்பத்தினுள் இன்மையாகிய அபாவமும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது என்பதும் மணிமேகலைக் காவியத்தைக் கற்றோர் அறிந்த செய்தி. ஒரு பொருள் இல்லை என்னும் அறிவு நமக்கு எவ்வாறு உண்டாகிறது என்னும் விசாரம் அக்காலத்தில் வித்துவ சபைகளுக்குரியதாய் இருந்தது. இன்றோ, கைப்பேசியை எடுத்து இரண்டு சொற்களைத் தட்டி, முதற்பக்கத்தில் விடை வாராமை கண்டு, "அப்படி ஒன்றும் இல்லையே" என்று தீர்ப்புச் சொல்லும் ஒவ்வொருவரும் அந்தப் பிரமாணத்தைத் தம்மை அறியாமலே கையாளுகின்றனர். கையாளும் முறை சரிதானா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்ஸகர்கள் அனுபலப்தி என்னும் காணாமையைத் தனிப் பிரமாணமாகவே ஏற்றார்கள். ஆயினும் வரம்பின்றி ஏற்றார்களல்லர். இத்தரையில் குடம் இருந்திருக்குமாயின், வெளிச்சமும் கண்ணும் குறைவின்றி வாய்த்த இவ்வேளையில், அது புலப்பட்டே தீரவேண்டும், புலப்படவில்லை, ஆதலின் குடம் இல்லை என்பது அவர்கள் வாதம். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சாதிக்க இயலாது. காணப்படுதற்குரிய யோக்கியதை முழுவதும் இருந்தும் காணப்படாமை ஒன்றே இன்மைக்குச் சான்று என்று வரையறுத்து, அதற்கு யோக்யானுபலப்தி என்று பெயரிட்டார்கள். பௌத்தராகிய தர்மகீர்த்தி காணாமையை அனுமானத்துள் அடக்கினாரேனும், பிசாசு போல இயல்பாகவே புலனுக்கு எட்டாத ஒன்றைக் காணாமையால் அதன் இன்மை நிச்சயமாகாது என்னும் எல்லையை அவரும் விட்டுக்கொடுத்தாரில்லை.

ஒரு வலைத்தளத்தின் தொழில்நுட்பத் திறனையும், தேடுபொறிகளுக்கு அது எந்த அளவுக்கு ஆயத்தமாய் இருக்கிறது என்பதையும் சோதித்தல் என இக்காலத்தார் செய்துவரும் காரியம், என் கருத்தில், இந்த யோக்கியதையைப் பரீக்ஷித்தலேயன்றி வேறில்லை. தேடுபொறி ஒரு பக்கத்தை அறிவதற்கு முன் நிகழவேண்டியவை பல: வேறொரு பக்கத்திலிருந்து இணைப்பு வழியாகவோ, தள வரைபடத்தின் வழியாகவோ பக்கங்களை வாசித்துத் திரியும் அதன் ஊர்தி நிரல் அங்கு வந்து சேரவேண்டும், வழங்கி மறுப்பின்றிப் பதில் தரவேண்டும், வந்த பக்கத்தில் உள்ளது எழுத்து என்று அந்நிரலுக்கு விளங்கவேண்டும், அதன் பிறகே அது அட்டவணையில் ஏறும். இவற்றுள் ஒன்று தவறினாலும் பக்கம் இருக்கும், காணப்படாது. அப்போது "இல்லை" என்று வரும் விடை பொருளைப் பற்றியதன்று, பார்வையைப் பற்றியது.

இதனை விளக்குதற்குத் தமிழரின் அனுபவத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் வேண்டியதில்லை. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டதெனினும், அது நம்மவர் கணினிகளில் வழக்கத்திற்கு வரப் பல்லாண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, ரோமானிய எழுத்துக்களுக்குரிய குறியெண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வலையில் வெளியிட்டு வந்தன. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்ட வாசகர் திரையில் அழகிய தமிழைக் கண்டார். அதே பக்கத்திற்கு வந்த தேடுபொறியோ பொருளற்ற ரோமானிய எழுத்துக் குவியலையே கண்டது. பொருள் ஒன்று, அதனைக் காண்போர் இருவர், பிரத்தியக்ஷம் என்னும் நேர்க்காட்சியும் இரண்டு! 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டாம், டாப் என்னும் தரங்களை வகுத்தது. டிஸ்கி என்னும் வேறொரு குறியாக்கமும் வழங்கிற்று. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் பலர் தட்டெழுதிச் சேர்த்த இலக்கியங்களைப் பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டமையால்தான் இன்று சங்கப் பாட்டின் ஓரடியைத் தட்டினால் அந்நூல் எதிரே வந்து நிற்கிறது. அவ்வாறு மாற்றப்படாத கட்டுரைகளும் கதைகளும் விவாதங்களும் என்னவாயின? அவை பொய்யாகிவிடவில்லை, தாழ்ந்துவிடவும் இல்லை, இருட்டறைக் குடங்களாயின. "அந்நாளில் தமிழ் வலையில் இதைப்பற்றி யாரும் எழுதவில்லை" என்று இன்று ஆராய்ச்சி மாணவர் எழுதுவாராயின், அவர் செய்வது யோக்கியதையை ஆராயாத அனுபலப்தி; தருக்கத்தில் அது பிழை. அச்சுப் பக்கங்களைப் படமாகப் பிடித்து, உள்ளே தேடத்தக்க எழுத்தடுக்கு எதுவும் இன்றி ஏற்றிவைத்திருக்கும் பழைய நூல்களின் கதியும் ஏறக்குறைய இதுவே.

இனிப் பரீக்ஷைக் கருவிகளைக் காண்போம். கூகுள் 2016இல் வெளியிட்ட லைட்ஹவுஸ் என்னும் கருவி ஒரு பக்கத்திற்கு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுகிறது. 90ஐ எட்டினால் பச்சை, 50க்குக் கீழ்ப்பட்டால் சிவப்பு. நடுத்தரக் கைப்பேசி ஒன்றில், மந்தமான இணைப்பில் இப்பக்கம் எவ்வாறு திறக்கும் என்பதைக் கற்பித்துக்கொண்டு கணிப்பதால், இது அனுமானத்தின்பாற்படும். குரோம் உலாவியில் மெய்யாகவே அப்பக்கத்தைத் திறந்தோரின் 28 நாள் அனுபவத்தைத் திரட்டித் தரும் மற்றொரு கணக்கு பிரத்தியக்ஷம் எனத் தகும். பக்கத்தின் பெரும்பகுதி 2.5 விநாடிக்குள் தெரிதல், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் துலங்குதல், படிக்கும்போதே வரிகள் இடம்பெயர்ந்து நழுவாமை என்னும் மூன்றும் நூற்றுக்கு 75 வருகைகளிலாவது நிறைவேற வேண்டும் என்பது அதன் விதி. இதில் ஒரு வேதனை உண்டு. வருவோர் மிகச் சிலராயின் தரவு போதவில்லை என்று அக்கணக்கு கைவிரித்துவிடும். ஆகவே பெருந்தளங்கள் காட்சியால் மதிக்கப்பட, ஊர்ப்புற நூலகம் ஒன்றின் சிறு தளம் அனுமானத்தால் மட்டுமே மதிக்கப்படுகிறது.

சைவ சித்தாந்திகள் கொள்ளும் மூன்றாவது அளவையாகிய உரைக்கும் இங்கே இடமிருக்கிறது. எது நற்பக்கம் என்பதற்குத் தள உரிமையாளர் ஆப்தவாக்கியமாக, அதாவது நம்பத்தகுந்தோன் உரையாகக் கொள்வது கூகுளின் ஆவணங்களை. ஆப்தன் எனப்படுவோன் விருப்பு வெறுப்பு அற்றவனாதல் வேண்டும் என்பது நூல் வழக்கு; உலாவியும் அளவுகோலும் அட்டவணையும் ஒரே ஸ்தாபனத்தின் உடைமைகளாய் இருக்கையில் அந்த லக்ஷணம் முற்றும் பொருந்துகிறதென்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. எனினும், வேகத்தில் சற்றுக் குறைந்திருந்தாலும் வினாவுக்குப் பொருத்தமான பக்கத்தையே முன்னிறுத்த முயல்வதாக அந்த ஆவணங்களே கூறுகின்றன என்பதையும், மதிப்பெண் ஒன்றையே துரத்துவோர் அந்த வாக்கியத்தைப் படிப்பதில்லை என்பதையும் நியாயம் கருதிச் சொல்லவேண்டும்.

ஏனெனில் காணப்படும் தகுதி வேறு, காணத்தக்க தகுதி வேறு. தலைப்பு உண்டா, விவரக் குறிப்பு உண்டா, இணைப்புகள் தொடரத்தக்கனவா, படங்களுக்கு மாற்றுரை உண்டா என்றெல்லாம் வினவும் கருவி, எழுதப்பட்டது மெய்யா என்று வினவுவதில்லை. முழுப்பொய் நிறைந்த பக்கமும் நூற்றுக்கு நூறு பெறலாம். மானுவல் மட்டுசோவிச் என்னும் வலை வல்லுநர் 2019இல், மாற்றுத்திறனாளர் எவரும் பயன்படுத்த இயலாதவாறு வேண்டுமென்றே சீர்கெடுத்த பக்கம் ஒன்றைச் செய்து, அணுகல் தகுதிக்கு லைட்ஹவுஸிடம் நூறும் வாங்கிக் காட்டினார். இதற்கு மறுதலையாக, ஊர்தி நிரலுக்கு ஒரு முகமும் மனிதருக்கு வேறொரு முகமும் காட்டியதற்காக, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ தளம் 2006 பிப்ரவரியில் கூகுளின் அட்டவணையினின்றும் நீக்கப்பட்டது. கார்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

தானே மறைந்திருக்க விரும்பும் பக்கத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. ஊர்தி நிரல் எங்கே வரலாகாது என்று தளத்தார் எழுதிவைக்கும், 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்த ரோபோட்ஸ் கோப்பு ஒரு வேண்டுகோளேயன்றிப் பூட்டு அன்று. அதில் தடை எழுதிவிட்டால், பக்கத்தின் உள்ளே "என்னை அட்டவணையில் சேர்க்காதே" என்று எழுதியிருப்பதைப் படிக்கத் தேடுபொறியால் உள்ளே வர இயலாது. பிறர் தந்த இணைப்பைக் கொண்டு அதன் முகவரி அட்டவணையில் ஏறிவிடவும் கூடும். மறைந்திருப்பதற்கும் முதலில் காணப்படவேண்டும் போலும்!

ஆகவே, தளம் நடத்தும் அன்பர்களுக்கு, சிறப்பாகப் பழந்தமிழ் இதழ்களையும் நூல்களையும் கைவசம் வைத்திருப்போருக்கு என் விண்ணப்பம் இது: மதிப்பெண் 92 என்பதை 98 ஆக்கும் முயற்சியைச் சிறிது ஒத்திவையுங்கள். பழைய எழுத்துருவில் கிடக்கும் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். படமாகக் கிடக்கும் பக்கங்களுக்கு எழுத்தடுக்குச் சேர்த்து, பிழை திருத்தி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இட்டு, முகப்பிலிருந்து அங்கே செல்ல ஓர் இணைப்பும் கொடுங்கள்.