பிள்ளையின் விரலா, கிட்டாரின் குறையா?

கிட்டார் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பலர் சில மாதங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். "அவனுக்கு ஆர்வம் இல்ல சார், விரல் வலிக்குதுங்கிறான்" என்கிறார் அப்பா. பயிற்சி போதவில்லை என்கிறார் ஆசிரியர். தனக்கு இது வராது என்று பிள்ளையும் முடிவுகட்டிக்கொள்கிறது. வயலினும் கீபோர்டும் வந்த வீடுகளிலும் இதே கதை உண்டுதான். ஆனால் கிட்டார் விஷயத்தில், பழியைப் பிள்ளையின் மேல் போடும் முன்பு அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கமே நம்மிடம் இல்லை.

பெட்டியைப் பிரித்து, ஆறு கம்பிக்கும் சுருதி சேர்த்துவிட்டால் வாசிக்கத் தயார் என்று நினைக்கிறோம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் கம்பி உரசி அதிர்கிறது என்ற புகார் வரக்கூடாது என்பதற்காக, மலிவான கிட்டார்களில் கம்பிகளைச் சற்று உயரமாகவே வைத்து அனுப்புவார்கள். அதை வாசிப்பவர் கைக்கு ஏற்றபடி இறக்கித் தருவதைத்தான் செட்டப் என்கிறோம். விற்பவர் அதைப் பற்றிப் பேசுவது அரிது. வாங்குபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முதல் குற்றவாளி பெரும்பாலும் நட். கழுத்தின் மேல்முனையில், கம்பிகள் வந்து அமரும் சிறு பள்ளங்கள் கொண்ட எலும்பு அல்லது பிளாஸ்டிக் துண்டு அது. சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அந்தக் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் அந்த நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. ஆறு கம்பிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்தக் கிட்டாரில்தான் பத்து வயதுப் பிள்ளையை எஃப் கார்டு பிடிக்கச் சொல்கிறோம். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய சுரக்கூட்டு அது. நட் உயரமாக இருந்தால் பெரியவர் கையே திணறும்.

விரல் வலியாவது ஆறிவிடும். இதைவிட மோசமான ஒன்று காதில் நடக்கிறது. உயரமாக நிற்கும் கம்பியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறும். செல்போன் ட்யூனரை வைத்து ஆறு கம்பியையும் துல்லியமாகச் சேர்த்திருப்பார்கள். ஆனால் ஈ கார்டு பிடித்தால் மூன்றாம் கம்பி பிசகும், சி கார்டு பிடித்தால் இரண்டாம் கம்பி பிசகும். இரண்டுமே முதல் ஃப்ரெட்டில் அழுத்தப்படுபவை. ஏதோ சரியில்லை என்று பிள்ளையின் காது சரியாகவே சொல்கிறது. ட்யூனரோ எல்லாம் சரி என்கிறது. பிள்ளை இயந்திரத்தை நம்பித் தன் காதைச் சந்தேகிக்கத் தொடங்குகிறது. இசை கற்க வந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பை நம்மால் ஏற்படுத்த முடியாது.

நட் சரியாக இருந்தாலும் மற்ற இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். கழுத்துக்குள் செல்லும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி, கழுத்தின் வளைவைக் கட்டுப்படுத்துகிறது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், உடலோடு கழுத்து சேரும் இடத்திலும் அழுத்தினால், நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ராடைத் திருப்புவதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. அடுத்தது, உடலின் மேல் கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கி நிற்கும் சேடில் என்ற துண்டு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய கம்பி 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழேயும் நின்றால் பெரும்பாலோர் கைக்கு இதமாக இருக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் நடுப்பகுதி என்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் இறக்க சேடிலின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கழுத்து, நட், சேடில் என்ற வரிசையை மாற்றக்கூடாது. கழுத்தைச் சரிசெய்யாமல் சேடிலைத் தேய்த்தவர்கள் பிறகு புதுச் சேடில் வாங்க நேர்கிறது.

கர்நாடக இசை கற்பவர்களுக்கு இந்த அக்கறை புதிதல்ல. தம்புராவின் குதிரைமேல் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி நாதத்தைப் பிடித்த பிறகுதான் பாட உட்காருகிறார்கள். வீணையின் மெழுகில் பதித்த மெட்டுகள் நிலை பிசகினால், மறுபடி மெழுகிட்டு அமைத்துத் தருபவரைத் தேடிப் போகிறார்கள். கருவியைச் சீராக்குவதும் வித்தையில் ஒரு பகுதி என்று அங்கே குருவே சொல்லிக்கொடுக்கிறார். 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படங்களின் பாடல்கள் வந்ததிலிருந்து கிட்டார் நம் வீட்டு ஓசையாகிவிட்டது. அந்த அக்கறை மட்டும் அதனோடு வந்து சேரவில்லை.

எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரின் முகப்புப் பலகை கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆறு கம்பிகளும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இரவும் பகலும் இழுக்கின்றன. பலகையின் அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டிய சட்டங்கள்தான் அதைத் தாங்குகின்றன. ஜெர்மனியிலிருந்து 1833இல் அமெரிக்கா போன கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின், 1840களில் கையாளத் தொடங்கிய அமைப்பு அது. நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிட்டாருக்கு இந்தப் பலம் கிடையாது. அதில் எஃகுக் கம்பியைப் பூட்டினால் பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும். கம்பி அறுந்தால் கிடைத்ததை வாங்கி மாட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரம் ஈரத்தைக் குடிக்கும். கிட்டார்களுக்கு உகந்த காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட வெகு அதிகம். முகப்புப் பலகை உப்பி மேலெழும்பினால் பிரிட்ஜும் கூடவே எழும்பும், கம்பிகளும் உயரும். ஜனவரியில் செய்த செட்டப் ஐப்பசி மழைக்குப் பின் பொருந்தாமல் போவது இதனால்தான். இரவெல்லாம் ஏசியில் காய்ந்து, பகலில் கடற்காற்றில் நனையும் கிட்டாரின் பாடு இன்னும் மோசம். வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடுங்கள். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலமும், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டரும் இருக்கட்டும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் பசையே இளகிவிடும். கம்பிகளை மேலும் அடியிலும் பருத்தித் துணியால் துடையுங்கள். நம் வியர்வைக்குச் சாதாரணக் கம்பிகள் ஓரிரு மாதத்தில் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி விரலைக் கிழிக்கும். ஃப்ரெட் பலகைக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

நல்ல கிட்டார்களின் முதுகும் பக்கங்களும் என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஈட்டி, அதாவது தோதகத்தி, என்ற பதில் வரும். பிரேசிலின் ரோஸ்வுட் கிடைப்பது அருகியதும் 1969 வாக்கில், மார்ட்டின் தொடங்கிய கிட்டார் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் ஏறக்குறைய முழுதாகத் தடைசெய்யப்பட்டது. அந்தச் சுமை நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளின் மேலும் வந்து விழுந்தது. இன்று ஈட்டி, அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. அதைக் காக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. வைரம் பாய்ந்து நிற்க அந்த மரத்துக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதில் செய்த கருவியைப் பரணில் போட்டு வளையவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மலிவான கிட்டாரின் ஒட்டுப்பலகையும் ஏதோ ஒரு காட்டிலிருந்து வந்ததுதான்.

ஆசிரியர்களே, முதல் வகுப்பில் பிள்ளையின் விரல்களைத் திருத்தும் முன் அது கொண்டுவந்திருக்கும் கிட்டாரின் நட்டைப் பாருங்கள். பெற்றோர்களே, கிட்டார் வாங்கும் பணத்தில் செட்டப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விலை குறைந்த கிட்டாரை வாங்கினாலும் செட்டப்பைத் தவிர்க்காதீர்கள். வாசிப்பாரற்றுக் கிடக்கும் கிட்டார் வீட்டில் இருந்தால், அதைத் துடைத்துக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், கம்பி மாற்றி, உயரம் குறைத்து வாங்கி வாருங்கள். பாதியில் விட்ட பிள்ளையின் கையில் அதை இன்னொரு முறை கொடுங்கள்.