சொல்லிவிட்டுப் பார்ப்பது

2022 டிசம்பர் 21 அன்று ஆந்திர அரசு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட டேப்லெட்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2026 ஜனவரியில் அதே மாநிலத்தின் கல்வி அமைச்சர் நாரா லோகேஷ், ஆஸ்திரேலியாவைப்போல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளங்களைத் தடுக்கலாமா என்று ஆராய்வதாகச் சொன்னார். இடையில் ஆட்சி மாறியது உண்மைதான். ஆனாலும் கொடுப்பதா தடுப்பதா என்று அரசே தடுமாறும்போது, சித்தூரிலும் திருப்பதியிலும் பெற்றோர் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஆந்திரத்தின் நகரி ஊரில் ஒரு விசைத்தறி வீட்டை எடுத்துக்கொள்வோம். இருப்பது ஒரே ஃபோன். நூல் வியாபாரி கூப்பிடுவதும் அதில்தான்; பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வருவதும் அதில்தான். பிள்ளை தெலுங்கில் படிக்கிறது, வீட்டில் தமிழ் பேசுகிறது, நண்பர்களுக்குத் தெலுங்கை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மா, பிள்ளை தூங்கிய பிறகு அதைத் திறந்து பார்த்தால் என்ன புரியும்? அந்த வீட்டில் கண்காணிப்பு என்பதே பிள்ளை தானாக வந்து சொல்வதைத்தான் நம்பியிருக்கிறது.

இரவு ஒன்பதுக்கு மேல் ஃபோன் கிடையாது என்பதும், இன்ஸ்டாகிராமே 13 வயது கேட்கும்போது பத்து வயதில் கணக்கு வேண்டாம் என்பதும் பெற்றோரின் கடமை. அதைச் செய்யாமல் விடுவதுதான் தவறு. பிள்ளைக்குத் தெரியாமல் வேவு பார்ப்பது வேறு. யாரோ ஒருவன் பிள்ளையின் படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பிள்ளை வாய்திறக்க வேண்டுமே! ‘சொன்னால் ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயம்தான் மிரட்டுகிறவனின் பெரிய பலம். அந்தப் பலத்தைப் பெற்றோரே அவனுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையை நிறுவனங்கள் பின்தொடர்வதைத் தடைசெய்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைக்காகச் சரி சொல்லும் அதிகாரம் பெற்றோரிடம் இருக்கிறது. எதைப் பார்ப்போம், ஏன் பார்ப்போம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடும் பொறுப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது.

பாரபட்சம்தான் இதில் மிகவும் வலிப்பது. அண்ணன் விடியவிடிய ரீல்ஸ் பார்க்கலாம். தங்கை கையில் ஃபோன் இருந்தாலே ‘யாரோட பேசுற?’ என்ற கேள்வி வரும். கேரளத்தில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியின் ஃபோன் கட்டுப்பாட்டை ஏற்காததால் வெளியேற்றப்பட்டார். 2019-இல் அவர் தொடுத்த வழக்கில், இணையம் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்காக வைக்கும் விதி என்றால் அது மகனுக்கும் பொருந்த வேண்டும், அப்பாவுக்கும்தான். திருமலையில் தரிசனத்துக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஃபோனைக் கவுண்டரில் ஒப்படைக்கிறார்கள். அங்கே எந்தப் பிள்ளையும் ‘எனக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்பதில்லை.

பத்தாவது முடிந்ததும் பலர் இன்டர்மீடியட் (பிளஸ் 1, பிளஸ் 2) விடுதிகளுக்குப் போகிறார்கள். பெரும்பாலான விடுதிகளில் ஃபோனுக்கு இடமில்லை. இரண்டு வருடம் கழித்துப் பொறியியலில் சேரும்போது, எந்தத் தடையும் இல்லாத ஃபோன் கைக்கு வருகிறது. அப்போது பழகக் கற்றுக்கொடுக்க வீட்டார் அருகில் இருக்கமாட்டார்கள். பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதற்குப் பெற்றோருக்குக் கிடைப்பது விடுதிக்குப் போவதற்கு முந்தைய மூன்று நான்கு வருடங்கள்தான்.