பகுத்துணரும் அன்புக்காக ஜெபித்தல்

கேள்வி: வேளச்சேரிப் பகுதியில் உள்ள சபை ஒன்றின் ஜெபக்குழு, சபையார் அன்பில் பெருக வேண்டும் என்று வாரந்தோறும் மன்றாடி வருகிறது. ஆயினும் ஆராதனை முறை, பாடல்கள், கட்டட நிதி ஆகியவை பற்றிய மனத்தாங்கல்கள் குறையவில்லை. அன்புள்ளவர் எதையும் கேள்வி கேட்கக் கூடாது என்று சிலரும், தவற்றைக் கண்டிப்பதே அன்பு என்று சிலரும் வாதிடுகின்றனர். இந்நிலையில் அன்புக்காக ஜெபிப்பது என்றால் எதைக் கேட்பது?

பதில்: இக்கேள்விக்கு நேரான விடை, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் 9 முதல் 11 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. மக்கெதோனியாவில் ரோமக் குடியேற்ற நகராக விளங்கிய பிலிப்பியில் உருவான அச்சபை அன்பில் குறைவுபட்டதன்று. சிறையிலிருந்த பவுலுக்கு எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பொருளுதவி அனுப்பியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்காக ஜெபிக்கும்போதும் அன்பு மிகுதியாக வேண்டும் என்பதோடு பவுல் நிறுத்தவில்லை. அது அறிவோடும் நுண்ணுணர்வோடும் சேர்ந்து வளர்ந்து, எது மேலானது, எது அவ்வளவு முக்கியமன்று என்று சோதித்தறியும் ஆற்றலாக முதிர வேண்டும் என்று கேட்கிறார். இவ்வாற்றலே பகுத்துணர்தல் எனப்படுகிறது. பிறர் குற்றத்தை மோப்பம் பிடிக்கும் திறமைக்கு இப்பெயர் பொருந்தாது. அத்திறமைக்கு எந்தச் சபையிலும் பஞ்சமில்லை, அதற்காகத் தனியே ஜெபிக்கவும் வேண்டியதில்லை.

பகுத்துணர்தல் எவ்வாறு செயல்படும் என்பதற்கு அந்நிருபமே சான்று. தாம் சிறைப்பட்டிருந்த வேளையில் போட்டி மனப்பான்மையோடு நற்செய்தி அறிவித்தவர்களைக் குறித்துப் பவுல் முதல் அதிகாரத்தில் சினம் கொள்ளவில்லை. எப்படியாயினும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று மகிழ்கிறார். மூன்றாம் அதிகாரத்திலோ, விருத்தசேதனம் என்னும் உடற்சடங்கை யூதரல்லாத விசுவாசிகள்மேலும் சுமத்த முற்பட்டவர்களை மிகக் கடுமையான சொற்களால் சாடுகிறார். முதல் கூட்டத்தாரால் புண்பட்டது பவுலின் மதிப்பு மட்டுமே. மற்றவர்களோ பிறர் கடவுளிடம் வரும் வழியை மறித்தனர். தன்னைத் தொடும் குறையைப் பொறுத்துக்கொண்டு, எளியவரை வெளியே நிறுத்தும் குறையைப் பொறுக்க மறுக்கும் அன்பே அவர் வேண்டிய அன்பு எனலாம். பெரும்பாலான சபைகளில் இது தலைகீழாகவே நடக்கிறது என்பது வேறு.

சென்னையின் திருச்சபை வரலாற்றில் இவ்விரு நிலைகளுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், மேனாட்டுப் பிரிவினைகளைத் தென்னிந்தியச் சபைகள் சுமந்துகொண்டிருக்கத் தேவையில்லை என்று முடிவுசெய்து ஒன்றிப்புக்கான பேச்சைத் தொடங்கினர். பேராயரால் குருப்பட்டம் பெறாதவரைப் போதகராக ஏற்கலாமா என்ற ஒரே வினாவிலேயே பேச்சு பலமுறை சிக்கிக்கொண்டது. இம்முயற்சிக்கு முன்னின்றவர்களுள் ஒருவரான, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் வே. ச. அசரியா 1945-இல் காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானதை அவர் காணவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினர் முன்பே சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கியச் சபையும் அன்று ஒன்றாயின. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்க வேண்டியதில்லை என்றும், இனிவரும் பட்டங்கள் பேராயர் கையால் நிகழும் என்றும், எந்தச் சபையின்மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டு முறையோ ஊழியரோ திணிக்கப்படக் கூடாது என்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எதில் விட்டுக்கொடுக்கலாம் என்பதைக் கண்டுகொள்ள 28 ஆண்டுகள் தேவைப்பட்டன. அப்போதும் ஆந்திரத்தின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையார் பலர் வெளியிலேயே நின்றனர்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் பல்லாண்டுகள் விட்டுக்கொடுத்ததும் இதே வரலாறுதான். ஆலயத்துக்குள் சாதிவாரியாக அமர்வதையும், திருவிருந்தின் கிண்ணத்தை ஒரு சாதியார் முதலில் பெறுவதையும் பழைய மிஷனெரிமார் பலர் சமூக வழக்கம் என்று கருதிச் சகித்தனர்; சபை கலைந்துவிடக் கூடாது என்ற அக்கறையே அவர்களது நியாயமாக இருந்தது. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பி அவ்வேறுபாடுகளை ஒழிக்கக் கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகினர். நீண்டகாலப் பொறுமை யாருக்கு அன்பாக இருந்தது, யாருக்கு அவமதிப்பாக இருந்தது என்று கேட்டிருந்தால் விடை எளிதாகவே கிடைத்திருக்கும். தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடப்பதால் இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது.

வேளச்சேரியின் சபை பல மாவட்டங்களிலிருந்து வேலைக்காக வந்து குடியேறியவர்களால் ஆனதாயின், ஒவ்வொருவரும் சொந்த ஊரின் ஆராதனை முறையையும் ராகங்களையும் கூடவே கொண்டுவந்திருப்பர். கீர்த்தனையா, கிட்டாரோடு பாடும் புதிய பாடலா என்பது போன்ற பூசல்கள் விட்டுக்கொடுக்கத் தக்கவை. உதவி செய்வதிலும் இப்பகுத்துணர்தல் வேண்டும்: 2015 டிசம்பர் வெள்ளம் வேளச்சேரியை மூழ்கடித்தது போன்ற காலங்களில் வண்டி போகும் சாலையோரத்தில் நிவாரணப் பொட்டலங்கள் குவிய, பள்ளத்தெருவில் இருப்பவருக்கு எதுவும் எட்டாமல் போவதுண்டு, கொடுப்பவரின் அன்பு உண்மையானதே, எங்கே கொடுப்பது என்ற அறிவுதான் உடன் செல்லவில்லை. ஆகவே ஜெபக்குழு, ஒற்றுமை தர வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதை விட, இந்தக் கருத்துவேறுபாட்டால் யாருக்கு இழப்பு, யார் பேசாமல் ஒதுங்கிவிட்டார் என்பதைக் காணும் கண்ணைக் கேட்பது பவுலின் ஜெபத்துக்கு நெருக்கமானது.

மனத்தாங்கல் கொண்டவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாமா என்ற ஐயமும் எழக்கூடும், ஏனெனில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறம்பேசுதல் நிகழ்வது புதிதன்று. நான்காம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்களைப் பவுல் பெயர் சொல்லியே ஒருமனப்படக் கேட்கிறார். ஆனால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லாமல், நற்செய்திப் பணியில் அவர்கள் உழைத்ததை நினைவூட்டி, உடன் ஊழியர் ஒருவரை அவர்களுக்குத் துணைநிற்கப் பணிக்கிறார். வேளச்சேரியிலும் இரு தரப்பாரும் நம்பும் ஒருவரை அனுப்பலாம். கட்டட நிதியைப் பொறுத்தவரை, வரவுசெலவைச் சபையார் முன் வைக்குமாறு சேகரக் குழுவிடம் கேட்பது அன்புக்கு விரோதமான செயலன்று; கேட்டவரைப் பகைக்காமல் கணக்கைக் காட்டுவதும் அப்படியே.